பட்டுக்கடையில் நடுநிசி

பத்தரை மணிக்குள் புடவையைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும், பத்தரை மணி வரைக்கும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவே கூடாது. இந்த இரண்டு கட்டளைகளுக்கும் நடுவில், காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை ஒன்றின் முதல் மாடியில், வெள்ளைத் துணி விரித்த மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள் தமயந்தி. முதல் கட்டளை வருங்கால மாமியார் கௌசல்யாவுடையது: இன்றைக்கு வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம், அதற்கு முன்னால் முகூர்த்தப் பட்டுக்குப் பில் போட்டாக வேண்டும். இரண்டாவது தூக்க மருத்துவர் ஷெரினுடையது: பத்தரைக்கு முன்னால் கண்ணில் பளிச்சென்று வெளிச்சம் விழுந்தால் இத்தனை நாள் பட்ட பாடு பின்பக்கமாக ஓடிவிடும். ராகுவும் டாக்டரும் போனில் பேசி வைத்துக்கொண்டுதான் இந்த நேரத்தைக் குறித்திருக்க வேண்டும் என்று தமயந்தி நினைத்தாள், நினைத்ததும் சிரிப்பு வந்தது, பக்கத்தில் அம்மா தனபாக்கியம் தொடையில் ஒரு கிள்ளு வைத்தாள், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு காரணமில்லாமல் சிரிக்கும் பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள் என்பது அந்தக் கிள்ளின் அர்த்தம். மணி ஒன்பது இருபத்து மூன்று. அது ஊருக்கு. தமயந்தியின் உடம்புக்கு இப்போது ராத்திரி இரண்டேகால். விடிகாலை ஐந்துக்குப் படுத்தவளை ஆறேகாலுக்கு எழுப்பி, குளிக்க வைத்து, பூ வைத்து, தாம்பரத்திலிருந்து காரில் போட்டுக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். ஏசிக் காற்று கழுத்தில் இறங்கியது. உடம்பின் சூடு குறைந்துகொண்டே போய் அடிமட்டத்தைத் தொடப் போகிற வேளை, அப்படித்தான் குளிரும் என்று டாக்டர் படம் போட்டுக் காட்டியிருந்தார், அந்தப் படத்தின் பள்ளத்தில் தான் இப்போது உருண்டுகொண்டிருப்பதாகத் தோன்றியது, பள்ளத்துக்குள் யாரோ மேலிருந்து புடவை புடவையாக வீசிக்கொண்டிருந்தார்கள்.

வீசிக்கொண்டிருந்தவர் துரைராஜ் என்கிற விற்பனையாளர். மடிப்பை ஒரு உதறு உதறினால் புடவை காற்றில் விரிந்து அவள் முழங்காலில் வந்து விழுந்தது, அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தின் பெயர் சொன்னார், அவளுக்கு எல்லாமே கருவாட்டு நிறமாகத் தெரிந்தன. நல்லா இருக்கு, இதுவும் நல்லா இருக்கு, என்று அவள் மாறி மாறிச் சொன்னாள். இந்தக் கடைக்காரர்கள் மேல் அவளுக்குக் கோபமே வந்தது, கூரையில் எத்தனை விளக்கு, சுவரெல்லாம் கண்ணாடி, ஒரு விளக்கை நாலு விளக்காகக் காட்டுகிற கண்ணாடி, ஜரிகை மின்ன வேண்டும் என்று இப்படியா போட்டு எரிப்பது, கறுப்புக் கண்ணாடியின் பக்கவாட்டு இடுக்கில் வெளிச்சம் கசிந்து உள்ளே வந்தது, அவள் தலையைக் குனிந்து முந்தானையைக் காதோரம் இழுத்துவிட்டாள், அது அடக்கமாகவும் தெரியும், மருந்தாகவும் ஆகும். எதிரே உட்கார்ந்திருந்த நாத்தனார் தேன்மொழி தன் நாலு வயது மகளை மெதுவாகத் தூக்கித் தனக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள். பிறகு தானும் ஒரு சாண் நகர்ந்தாள். குழந்தை எட்டிப் பார்த்தபோது அதன் கண்களைக் கையால் பொத்தினாள். தமயந்திக்குப் புரிந்துவிட்டது. மெட்ராஸ் ஐ. தமிழ்நாட்டில் வீட்டுக்குள்ளே கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிற ஆளுக்கு வேறு என்ன வியாதி இருக்க முடியும். துரைராஜ்கூடப் புடவையை அவ்வளவு தூரத்திலிருந்து வீசியது அதனால்தானோ. "மெட்ராஸ் ஐ எல்லாம் இல்லீங்க, நேத்து வெயில்ல அலைஞ்சா, கண்ணு கொஞ்சம் கூசுது, அவ்வளவுதான்," என்று அம்மா மூன்றாவது முறையாகச் சொன்னாள். மூன்று முறை சொல்லப்பட்டதாலேயே அது பொய் என்று எல்லோருக்கும் உறுதியாகிவிட்டது. வெயில்ல அலைஞ்சாளாம். பதினோரு வருஷமாக வெயிலைக் கண்ணால் பார்க்காமல் வாழ்ந்தவளைப் பற்றி அம்மாவால் இப்படி முகம் மாறாமல் சொல்ல முடிகிறதே என்று தமயந்திக்கு அம்மா மேல் ஒரு மரியாதையே ஏற்பட்டது.

பதினோரு வருஷம் அவள் அமெரிக்காவின் பகலில் வேலை பார்த்தாள். அங்கே யாருக்கோ முழங்கால் ஆப்பரேஷன் நடந்தால் அதற்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா கிடைக்காதா என்று தரமணியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து ராத்திரி முழுக்கப் படித்துச் சொல்கிற வேலை. விடியற்காலை நாலரைக்குக் கம்பெனி வண்டி தெருமுனையில் இறக்கிவிடும். வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் வாசல் தெளித்து ஒரு கோலம் போட்டுவிட்டுத்தான் போய்ப் படுப்பாள், பதினைந்து புள்ளி, சில நாள் இருபத்தொன்று, ராத்திரியெல்லாம் அடுத்தவர் முழங்காலைப் படித்த கண்ணுக்கு அது இதமாக இருந்தது. தெருவே மெச்சியது. தனபாக்கியம் மகள் ஐந்து மணிக்கே எழுந்து கோலம் போடுகிறாள் பார், என்று மற்ற வீடுகளில் பெண்களைத் திட்டினார்கள். பெண் பார்க்க வந்த அன்று அம்மா அதையே எடுத்துவிட்டாள்: "அஞ்சு மணிக்கு எங்க வாசல்ல கோலம் இருக்கும், தெருவுல யாரை வேணா கேட்டுப் பாருங்க." கேட்டும் பார்த்தார்கள். தெருவும் சத்தியம் பண்ணியது. கௌசல்யா அத்தைக்கு அப்படியொரு சந்தோஷம், அவர்கள் வீட்டில் எல்லோரும் நாலரைக்கு எழுந்துவிடுகிற ஜாதியாம், மாப்பிள்ளை குலோத்துங்கன் பள்ளிக்கூடத்தில் பிடி மாஸ்டர், ஐந்தரைக்கு மைதானத்தில் விசிலோடு நிற்கிறவர். அன்றைக்கு அவர்கள் வந்தது பிற்பகல் இரண்டு மணிக்கு. தமயந்தி அப்போதுதான் எழுந்து பல் தேய்த்திருந்தாள். அதனால் முகம் நல்ல தெளிவாக இருந்தது என்று பிற்பாடு அவர்கள் புகழ்ந்ததாகத் தரகர் சொன்னார். கல்யாண முகூர்த்தம் நாலரையிலிருந்து ஆறு. விடியற்காலை நாலரை. மேடையில் ஹோமப் புகை, நாதஸ்வரம், மந்திரம், அந்த நேரத்தில் அவள் உடம்பு படுக்கைக்குத் தயாராகிக்கொண்டிருக்கும், மாலையோடு சேர்ந்து தலை தொங்கும், மாப்பிள்ளை தாலி கட்டும்போது குறட்டை கேட்கும். அது போகட்டும், ஒரு நாள் கூத்து, கிள்ளிக் கிள்ளி அம்மா எழுப்பிவிடுவாள். அதற்கப்புறம்? அவன் எழும்போது அவள் படுப்பாள், அவள் எழும்போது அவன் மைதானத்தில், ஒரே வீட்டில் ஷிப்ட் மாற்றிக்கொள்கிற இரண்டு பேர், குளிர்பதனப் பெட்டிக் கதவில் சீட்டு எழுதி ஒட்டிக்கொண்டு. ஆபீஸில் அப்படி இரண்டு ஜோடிகளை அவள் பார்த்திருக்கிறாள். சண்டைகூடப் போடுவதில்லை, நேரம் கிடைக்காததால். அந்த நினைப்புதான் அவளைப் பயமுறுத்தியது, தாலி கட்டும்போது தூங்குவது அல்ல. ராத்திரி மூன்று மணிக்கு ஊரே உறங்கும்போது ஒருத்தி மட்டும் விழித்திருப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், கல்யாணமும் பண்ணிக்கொண்டு அதைத் தொடர அவளுக்குத் தெம்பு இல்லை.

அதனால் பகல் ஷிப்ட் கேட்டு வாங்கினாள், விடுப்பு எடுத்தாள், உடம்பைத் திருப்ப முனைந்தாள், அங்கேதான் அந்த மகா பிசகு நடந்தது. காலை வெயில் பட்டால் தூக்கம் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள், கைப்பேசி சொன்னது, எதிர் வீட்டு யோகா மாமி சொன்னாள், அம்மா காலண்டரைக் கிழித்துக்கொண்டே சொன்னாள். தமயந்தி எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. தூங்காத கண்ணோடு ஆறு மணிக்கு மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, சூரியன் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம், பன்னிரண்டு நாள். மெலட்டோனின் மாத்திரையும் வாங்கினாள், தூக்க மாத்திரை என்று நினைத்துப் படுக்கும்போது போட்டுக்கொண்டாள். விளைவு, ஐந்து மணிக்கு வந்த தூக்கம் ஆறுக்கு வந்தது, பிறகு ஏழுக்கு, பன்னிரண்டாம் நாள் ஏழரைக்கு. எழுந்தபோது பிற்பகல் மூன்றரை. சூரியனே தன்னை ஏமாற்றிவிட்டதாக அவள் அழுதாள். ஷெரின் டாக்டர் சிரிக்காமல் கேட்டார், அதுவே பெரிய விஷயம். "யாரும் எழுப்பலைன்னா நீங்க எத்தனை மணிக்கு முழிப்பீங்க?" மூன்றரை என்றாள். "அப்போ உங்க உடம்புக்கு ராத்திரியோட அடி மத்தியானம் ஒரு மணிக்கு வருது. காலைல ஆறு மணி வெயில் உங்களுக்கு விடியலே இல்லம்மா, அது உங்க ராத்திரி விளக்கு. தூங்கப் போற குழந்தை முன்னாடி டியூப்லைட் போட்ட மாதிரி. உடம்பு என்ன நினைக்கும், ஓஹோ இன்னும் பொழுது சாயலைன்னு தள்ளிப் போடும்." வெளிச்சம் ஊஞ்சலைத் தள்ளுகிற கை மாதிரியாம், எந்தப் பக்கம் போகும்போது தள்ளுகிறோம் என்பதில்தான் எல்லாம். அந்த அடிமட்ட நேரத்துக்கு முன்னால் வெளிச்சம் பட்டால் தூக்கம் பின்னுக்குப் போகும், அதைத் தாண்டிப் பட்டால் முன்னுக்கு வரும். மெலட்டோனின் என்பது இருட்டும்போது மூளையில் சுரந்து, பொழுது சாய்ந்தது என்று உடம்பு முழுக்கத் தண்டோரா போடுகிற சாமான். அதைப் படுக்கும்போது போட்டுப் பயன் குறைவு, படுப்பதற்கு ஐந்து மணி நேரத்துக்கு முன்னால் சின்ன அளவில் போட்டால் உடம்பு ஏமாந்து சாயங்காலத்தைச் சீக்கிரம் தொடங்கிவிடும். டாக்டர் ஒரு தாளில் அட்டவணை போட்டுக் கொடுத்தார். தினமும் அரை மணி முன்னுக்கு. கறுப்புக் கண்ணாடி அந்த நேரம் வரைக்கும், பிறகு வெயிலில் அரை மணி. ஐந்து நாளில், மத்தியானம் ஒரு மணிக்கு இருந்த அந்த அடிமட்டம் காலை பத்தரைக்கு வந்திருக்கிறது. நேற்று அவள் யாரும் எழுப்பாமலே பகல் ஒன்றரைக்கு விழித்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கட்டிலிலேயே உட்கார்ந்து தனியாகக் கை தட்டினாள். இன்னும் பதினெட்டு நாள் வேண்டும், கல்யாணத்துக்கு இருபது நாள் இருக்கிறது. கல்யாணத்துக்கு முதல் நாள் மாத்திரையை மத்தியானம் மூன்று மணிக்கே போட வேண்டியிருக்கும், எட்டு மணிக்குக் கண் சொருகும், அன்றைக்கு எட்டு மணிக்குத்தான் வரவேற்பு, பரிசுப் பெட்டி கொடுக்க வருகிறவர்கள் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாளோ என்னவோ. அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

"தமயந்தி, இதைப் பாரு," என்றாள் கௌசல்யா. பார்த்தாள். கருவாடு. "நல்லா இருக்கு அத்தை." கௌசல்யா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணாடிக்குள் கண்ணைத் தேடுவது தெரிந்தது. படியில் தடதடவென்று சத்தம், இரண்டிரண்டு படியாக ஏறி வருகிற ஆள், குலோத்துங்கன்தான். டிராக் பேண்ட், கழுத்தில் விசில், பதினொரு மணி வரைக்கும் தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். பெண் பார்த்த அன்று வேட்டியில் வந்த அந்த ஆள் இவ்வளவு உயரமா, இல்லை, தான் உட்கார்ந்திருப்பதாலா. "தம்பி, அங்க உட்காராதே," என்று தேன்மொழி கண்ணைக் காட்டினாள். அவன் அக்காவைப் பார்த்தான், கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தான், தமயந்திக்குப் பக்கத்தில் ஒரு முழ இடைவெளி விட்டு உட்கார்ந்தான். "எங்க ஸ்கூல்ல வருஷா வருஷம் நூறு பேருக்கு மெட்ராஸ் ஐ வரும், எனக்கு இதுவரைக்கும் ஒட்டினதில்ல," என்றான் பொதுவாக, மெத்தையைப் பார்த்து. இல்லாத வியாதிக்கு இவ்வளவு தைரியம் காட்டுகிறானே, இருக்கிற வியாதியைச் சொன்னால் என்ன செய்வான்? மணி பத்துக்கு ஐந்து நிமிடம். துரைராஜ் அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தார். கையில் ஒரு புடவையோடு எழுந்து நின்று, "பட்டை ட்யூப்லைட்ல பாக்கக் கூடாதும்மா. கீழ வாசலுக்கு வாங்க. வெயில்ல காட்டினாத்தான் அசல் கலர் தெரியும்," என்றார். காஞ்சிபுரத்தில் எந்தக் கடையிலும் கடைசியில் இதுதான் நடக்கும், புடவையைத் தெருவுக்குக் கொண்டுபோய்ச் சூரியனிடம் காட்டிச் சான்றிதழ் வாங்குவது, அம்மா இதை முன்கூட்டி யோசிக்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை. எல்லோரும் எழுந்தார்கள். கௌசல்யா அவள் கையைப் பிடித்தாள். "வா கண்ணு, அந்தக் கண்ணாடியை மட்டும் ஒரு நிமிஷம் கழட்டிட்டுப் பாரு. உனக்குப் பிடிச்சிருக்கணும் இல்லையா."

ஒரு நிமிஷம்தானே. ஒரு நிமிஷ வெயில் என்ன செய்துவிடும், இரண்டு நாள் கையிருப்பு இருக்கிறதே, அதில் ஒன்றைச் செலவழித்தால் போகிறது. ஆனால் வாசலில் வெயில் வெள்ளையாகக் கொதிக்கும், ஒரு நிமிஷத்தில் யாரும் புடவை பார்த்ததில்லை, மூன்று புடவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அரை மணி ஆகும், நாளைக்கு இன்னொரு கல்யாண வேலை வரும், அதற்கும் ஒரு நிமிஷம், நகைக் கடை, அழைப்பிதழ், மஞ்சள் இடிப்பது, எல்லாம் காலையில்தான், எல்லாம் நல்ல நேரத்தில்தான், ஊரின் நல்ல நேரமெல்லாம் அவளுக்குக் கெட்ட நேரம். அவள் எழுந்திருக்கவில்லை. கையை உருவிக்கொள்ளவும் இல்லை. கௌசல்யாவின் உள்ளங்கை வெதுவெதுப்பாக இருந்தது, அதற்குள் தன் விரல் ஐஸ் மாதிரி கிடப்பதை அவள் உணர்ந்தாள். "என்னால இப்ப கழட்ட முடியாது அத்தை." கௌசல்யா மெத்தையில் அவள் எதிரே மறுபடி உட்கார்ந்தாள். குரல் தணிந்தது. "பயப்படாம சொல்லு. கண்ணுல எதுவும் குறையா? ஆப்பரேஷன் கீப்பரேஷன் ஆகியிருக்கா? எதுவா இருந்தாலும் இப்பவே சொல்லிடும்மா." அம்மாவின் விரல் தொடைக்கு வந்தது. இந்த முறை கிள்ளவில்லை, சும்மா வந்து நின்றது. சொல்லாதே என்கிறாளா, சொல்லித் தொலை என்கிறாளா. கண் குறை என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் அது காஞ்சிபுரத்திலிருந்து தாம்பரம் வரைக்கும் பஸ் பிடித்து வந்து சேரும். நிச்சயம் ஆன கல்யாணங்களே இப்படி நின்றுபோயிருக்கின்றன. கோலக் கதையும் சேர்ந்து கிழியும், புளுகினார்கள் என்று ஆகும், அம்மா தெருவில் தலை காட்ட முடியாது. எல்லாம் சரி. ஆனால் தூக்கக் கலக்கத்தில் பொய்யைக் கோவையாகக் கட்ட அவளால் முடியவில்லை. உடம்புக்கு மூன்று மணி, மூன்று மணிக்கு யாருக்குத்தான் பொய் சொல்ல வரும்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. எனக்கு இப்ப ராத்திரி அத்தை," என்றாள். சொன்ன பிறகு அது எவ்வளவு அபத்தமாகக் கேட்கிறது என்று தெரிந்தது, அதனால் மற்றதையும் சொன்னாள், வேலை, நாலரை மணி வண்டி, கோலம் போட்டுவிட்டுப் படுப்பது, மொட்டை மாடியில் சூரியனிடம் ஏமாந்தது, மாத்திரை, ஊஞ்சல், அரை மணி அரை மணியாக நகர்கிற அட்டவணை, எல்லாம். நடுவில் ஒரு தடவை வார்த்தை வராமல் நின்றாள், தேன்மொழியின் குழந்தை "அப்புறம்?" என்றது. "இருபது நாள்ல நாலு மணிக்கு எழுந்திருக்கிற ஆளா ஆயிடலாம்னு பாத்தேன். உங்ககிட்ட சொல்லியிருக்கணும். சொல்லலை. தப்புதான்." அம்மா தரையைப் பார்த்தாள். துரைராஜ் புடவையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், வியாபாரத்தையே மறந்து. கௌசல்யா சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் திரும்பி வருவதற்குள் தமயந்தி கல்யாணத்தை நிறுத்தி, பத்திரிகையைத் திருப்பி வாங்கி, மறுபடி ராத்திரி ஷிப்டுக்கு எழுதிக் கொடுத்து, கம்பெனி வண்டியின் ஜன்னலோரத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "அப்போ உனக்கு இப்ப மணி என்ன?" என்றாள் கௌசல்யா. "மூணு இருக்கும் அத்தை." "ராத்திரி மூணு மணிக்கா?" கௌசல்யா தன் மகளைப் பார்த்தாள், சம்பந்தியைப் பார்த்தாள். "தூங்குற புள்ளையை மூணு மணிக்கு எழுப்பிக் கொண்டாந்து புடவை எடுக்கச் சொல்லியிருக்கோம். ஏன் சம்பந்தி, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் என்ன புலியா? கை பாரு, எப்படி ஜில்லுன்னு இருக்கு. தம்பி, அந்த ஏசியைக் கொறைங்கப்பா." துரைராஜ் ஏசியைக் குறைக்க ஓடினார். தனபாக்கியத்துக்கு அழுகை வந்துவிட்டது, அவமானத்தில் தொடங்கி நிம்மதியில் முடிந்த அழுகை, மூக்கைச் சிந்திக்கொண்டு, "கோலம் மட்டும் அவதான் போட்டா சம்பந்தி, அது சத்தியம்," என்றாள். "அதான் தெருவே சொன்னாங்களே," என்று கௌசல்யா அதையும் ஒப்புக்கொண்டாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஐயரைக் கேட்டா அன்னிக்கே ஒம்பதரைக்கு இன்னொரு முகூர்த்தம் இருக்கான்னு பாத்துச் சொல்வாரு," என்றாள். தமயந்தி தலையை ஆட்டினாள். "வேண்டாம் அத்தை. நாலரைக்கே வரேன். அஞ்சு நாள் தூரம் வந்துட்டேன், இனிமே திரும்ப மனசில்ல."

குலோத்துங்கன் கை நீட்டி, "அட்டவணை கையில இருக்கா?" என்று கேட்டான். கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு அந்தத் தாளை அவன் படித்த விதம் அவளுக்குப் பிடித்திருந்தது, காதலாகவும் இல்லை, பரிதாபமாகவும் இல்லை, மாவட்டப் போட்டிக்குப் பயிற்சித் திட்டம் படிக்கிற முகம். "பதினெட்டு நாள் வேணும், இருபது இருக்கு. ரெண்டு நாள் கையில. பரவாயில்ல, இதைவிட மோசமான நிலைமையில பசங்களைத் தயார் பண்ணியிருக்கேன்," என்றான். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "பத்து எட்டு. புடவைக்கு இருபத்திரண்டு நிமிஷம்தான். நான் கலர் சொல்றேன், நீங்க தொட்டுப் பாத்து எடுங்க." இப்படியாகப் புடவைப் படலம் மறுபடி தொடங்கியது, துரைராஜ் இப்போது வீசவில்லை, ஒவ்வொன்றாக அவள் கையில் வைத்தார். பிடி மாஸ்டருக்குத் தெரிந்த நிறங்கள் நாலே நாலு, பள்ளிக்கூடத்து நாலு விளையாட்டு அணிகளின் நிறங்கள், என்பது இரண்டாவது புடவையில் வெளிப்பட்டது. "இது ப்ளூ ஹவுஸ்," என்றான். துரைராஜ் புண்பட்டு, "மயில் கழுத்து சார்," என்றார். "அதான், ப்ளூ ஹவுஸ்." அடுத்தது க்ரீன் ஹவுஸ். அதற்கடுத்தது க்ரீன் ஹவுஸுக்கும் யெல்லோ ஹவுஸுக்கும் சமநிலை. தேன்மொழி சிரித்துச் சிரித்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், குழந்தை தமயந்தியின் மடியில் ஏறி, கறுப்புக் கண்ணாடிக்குள் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டது. தமயந்தி விரலால் தேடினாள். கண் இல்லாவிட்டால் புடவை வேறு ஒரு பொருளாக இருந்தது, ஒன்று வழுக்கியது, ஒன்று மொடமொடவென்று பெருமை அடித்தது, ஒன்று முழங்காலில் கனமாகப் படுத்துக்கொண்டு நகர மறுத்தது. அதன் உடலும் கரையும் சேருகிற இடத்தில் கோர்வை விரல் நுனியில் சின்ன மேடாகத் தட்டியது, யாரோ உட்கார்ந்து ஒவ்வொரு இழையாகக் கோத்திருக்கிறார்கள், ஜரிகை உள்ளங்கையை உறுத்தவில்லை. அவள் அதன் மேல் கையை வைத்தபடியே இருந்தாள். "இது என்ன கலர்?" குலோத்துங்கன் வெகுநேரம் பார்த்தான். "ரெட் ஹவுஸ் மாதிரி இருக்கு. ஆனா அந்தப் பனியனை ஒரு அம்பது தடவை தொவைச்ச மாதிரி." துரைராஜ் கண்ணை மூடிக்கொண்டார். "இதுதான்," என்றாள் தமயந்தி. கௌசல்யா புடவையை ஒருமுறை தடவிப் பார்த்தாள், தலையசைத்தாள், பத்து இருபத்து நான்குக்கு பில் போட்டார்கள்.

வாசல் படியில் பெரியவர்கள் நிழலில் நின்றுகொண்டார்கள். தமயந்தி மட்டும் தெருவில் இறங்கினாள், குலோத்துங்கனும் இறங்கினான், கையில் கடிகாரத்தைப் பந்தயத்துக்குப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தான். ஆட்டோக்காரர்கள் பார்த்தார்கள், பூக்காரம்மா பார்த்தாள், பார்த்துவிட்டுப் போகட்டும். "இருபத்தொன்பது... ஆச்சு. பத்தரை. கழட்டுங்க." கழற்றினாள். வெயில் முகத்தில் அறைந்தது, கண்ணில் நீர் கொட்டியது, தெரு முதலில் வெள்ளையாகவும் பிறகு மஞ்சளாகவும் பிறகு தெருவாகவும் ஆனது. துரைராஜ் பின்னாலேயே வந்து புடவையை விரித்தார், விடமாட்டேன் என்று. வெங்காயத் தோல் நிறம், சாய்த்தால் உள்ளே பொன்னிறம் ஓடியது, கரை அடர்ந்த பச்சை. கண்ணைத் திறந்து எடுத்திருந்தால் இதை அவள் எடுத்திருக்கவே மாட்டாள், அரக்குச் சிவப்பைத்தான் எடுத்திருப்பாள், எல்லோரையும் போல. இது அரக்கை விட நன்றாக இருந்தது. பிறகு திரும்பி அவனைப் பார்த்தாள். நெற்றியில் தொப்பி போடுகிற இடத்துக்குக் கீழே எல்லாம் கறுத்திருந்த முகம், மேலே ஒரு விரல்கடை வெளுப்பு, வருஷக்கணக்காக வெயிலில் நின்ற ஆளின் முகம். "எவ்வளவு நேரம் இப்படி நிக்கணும்?" என்று கேட்டான். "அரை மணி. நீங்க போங்க, உங்களுக்குப் பதினொண்ணு வரைக்கும்தானே பர்மிஷன்." "நாளைக்கு?" "நாளைக்குப் பத்து மணிக்கு." "நாளன்னிக்கு ஒம்பதரை," என்று அவனே கணக்கை முடித்தான், போகவில்லை. படியிலிருந்து கௌசல்யா கூப்பிட்டாள், ராகு காலத்தில் தெருவில் நின்று என்ன பேச்சு, உள்ளே வந்து உட்காருங்கள் என்று. "நீ போம்மா, நாங்க வரோம்," என்றான் அவன் திரும்பாமலே. பிறகு அவள் பக்கம் பார்த்து, "வெயில்ல நிக்கிறதுக்குத்தானே எனக்குச் சம்பளமே குடுக்குறாங்க," என்றான். பதினோரு வருஷத்தில் அவளுடைய ராத்திரிக்குள் இன்னொரு ஆள் வந்து நின்றது இதுதான் முதல் தடவை, அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது, வெயிலால்தான் கண்ணில் நீர் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது, ஆனால் சொல்லவில்லை. "இன்னும் இருபத்தாறு நிமிஷம் இருக்கு," என்றாள். "நிப்போம்," என்றான் குலோத்துங்கன்.